ஈரம் வரக் கூடாது, காற்று வரணும்! - அடுப்பு எரிபொருளைச் சேமிக்கிறதுல மண்டபத்தூருக்கும் பாரிஸுக்கும் ஒரே சிக்கல்

அடுப்புச் செலவுன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சிலிண்டர் விலைதான். இந்த மாசம் ஏறிச்சா, இறங்கிச்சா, மானியம் அக்கவுன்ட்ல விழுந்துச்சா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் அதே பேச்சு, டி.வி விவாதத்துலயும் அதே பேச்சு. ஆனா, விலைக்குப் பக்கத்துலயே இன்னொரு கேள்வி சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு. வாங்கின எரிபொருளை எங்கே வைக்கிறது?

'இதெல்லாம் ஒரு கேள்வியா?'ன்னு தோணுதா? சிலிண்டர் வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அப்படித்தான் தோணும். ஆனா, மண்டபத்தூர் மாதிரி ஒரு கடற்கரை ஊர்ல கார்த்திகை மழையில விறகை நனையாம வச்சுக்கப் பாடுபடுற ஓர் அம்மாவைக் கேளுங்க. அல்லது, பாரிஸ் புறநகர்ல கராஜ் முழுக்க மரப் பெல்லட் மூட்டைகளை அடுக்கி வச்சுட்டு, 'இது குளிர்காலம் முடியற வரைக்கும் தாங்குமா?'ன்னு பார்த்துட்டிருக்கிற ஒரு மாமாவைக் கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே பரீட்சையைத்தான் எழுதுறாங்க. அவங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஏன்னா, இது காரைக்கால். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. 1956-ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 1962 ஆகஸ்ட் 16-ல அது சட்டப்படி அமலுக்கு வந்தப்போ, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவச்சுக்க விரும்பினவங்களுக்கு வாய்ப்பு கொடுத்தாங்க. அதனால காரைக்கால் பக்கத்துல 'எங்க வீட்ல ஒருத்தர் பிரான்ஸ்ல இருக்காங்க'ங்கிறது அதிசயச் செய்தி இல்லை.

அந்த பிரான்ஸ்ல இருந்தே கதையை ஆரம்பிப்போம்.

பெல்லட்னா என்ன?

மர அறுவை மில்லுல விழுற மரத்தூளை நல்லா காயவச்சு, துளை போட்ட இரும்பு அச்சுல அழுத்தித் தள்ளுறாங்க. நம்ம முறுக்கு உழக்கு மாதிரிதான், அழுத்தம் மட்டும் பல மடங்கு. அந்த அழுத்தத்துலயும் சூட்டுலயும் மரத்துக்குள்ள இருக்கிற லிக்னின்ங்கிற பொருள் இளகி, தூளை ஒட்டவச்சுடும். பசை தேவையில்லை. 6 அல்லது 8 மில்லிமீட்டர் கனத்துல, சாக்பீஸ் துண்டு மாதிரி வெளியே வர்றதுதான் பெல்லட்.

ஐரோப்பாவுல வீட்டு உபயோகத்துக்கான தர முத்திரைக்குப் பேர் 'இஎன்பிளஸ்'. அதுல முதல் தரம்னா ஈரப்பதம் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது, சாம்பல் 0.7 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 2 கிலோ பெல்லட், ஏறக்குறைய 1 லிட்டர் எண்ணெய் தர்ற சூட்டைத் தரும். ஸ்டவ்வுல இருக்கிற தொட்டியில கொட்டிட்டு பட்டனைத் தட்டினா போதும், மெஷினே அளவா எடுத்து எரிச்சுக்கும். விறகு வெட்டுற வேலை இல்லை, புகையும் ரொம்பக் குறைவு.

கேட்க நல்லாத்தானே இருக்கு? ஆனா, இந்த சாக்பீஸுக்கு ஒரு பலவீனம் இருக்கு. தண்ணி பட்டா உப்பி, உதிர்ந்து, திரும்ப மரத்தூளாவே ஆகிடும். நனைஞ்ச விறகைக் காயவச்சு எரிக்கலாம். நனைஞ்ச பெல்லட்டைத் திரும்ப பெல்லட்டா ஆக்க வீட்டுல வழியே கிடையாது. அந்தத் தூளை ஸ்டவ்வுல போட்டா மெஷின் அடைச்சுக்கும்.

2022: இடம் இருந்தவங்க ஜெயிச்சாங்க

பிரான்ஸ்ல ஒரு டன் பெல்லட் ஏறக்குறைய 300 யூரோவுக்குக் கிடைச்சுட்டிருந்தது. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சது. கேஸ், மின்சாரம், எண்ணெய்னு எல்லா விலையும் எகிறுச்சு. 'மர அடுப்புதான் மலிவு'ன்னு ஜனங்க பெல்லட் ஸ்டவ் பக்கம் ஓடினாங்க. அதே நேரத்துல ரஷ்ய மரப் பொருள்களுக்கு ஐரோப்பிய யூனியன் தடை போட்டது. ஜூலையில இருந்து அந்த வரத்தும் நின்னுபோச்சு. அந்த வருஷக் கடைசியில ஒரு டன் 600 யூரோவையும் தாண்டிப் போச்சு. சில கடைகள்ல ஒருத்தருக்கு இத்தனை மூட்டைதான்னு கட்டுப்பாடே வந்துச்சு.

அரசாங்கம் சும்மா இருக்கலை. மரத்தால வீட்டைச் சூடாக்குற குடும்பங்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 50 முதல் 200 யூரோ வரைக்கும் சிறப்பு உதவித்தொகை கொடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனா, அந்தப் பணம் விலையை மட்டும்தான் தொட்டது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு சாதாரண வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க ஒண்ணுல இருந்து ரெண்டு டன் பெல்லட் தேவைப்படும். 15 கிலோ மூட்டைன்னா 65-ல இருந்து 130 மூட்டை. காய்ஞ்ச கராஜோ, நிலவறையோ இருந்தவங்க, குளிர்காலம் முடிஞ்சு விலை இறங்கியிருக்கிற வசந்த காலத்துலயே மொத்தமா வாங்கி அடுக்கிட்டாங்க. இடமில்லாதவங்க வாராவாரம் நாலு மூட்டை, அஞ்சு மூட்டைன்னு அன்னன்னிக்கு விலையில வாங்கணும். தட்டுப்பாடு வந்தா முதல்ல தவிக்கிறதும் அவங்கதான்.

அதாவது, காய்ஞ்ச இடம்ங்கிறதே ஒரு சொத்து. அது இருக்கிறவனுக்கு எரிபொருள் மலிவு. இல்லாதவனுக்கு அதே எரிபொருள் விலை ஜாஸ்தி. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

மண்டபத்தூருக்கு ஹீட்டர் எதுக்கு?

எதுக்கும் இல்லை! மார்கழி விடியல்ல ஒரு துண்டைப் போர்த்திக்கிட்டா போதும். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி போற வழியில, கடலை ஒட்டி இருக்கிற மீனவ ஊர் மண்டபத்தூர். பக்கத்துல காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடுன்னு வரிசையா கடற்கரைக் கிராமங்கள். இங்கே வீட்டைச் சூடாக்குற பிரச்னை கிடையாது. ஆனா, எரிபொருளைக் காயவச்சு வச்சுக்கிற பிரச்னை பாரிஸைவிடப் பெருசு.

காரணம் ஒண்ணு, மழை. காரைக்காலோட வருஷ மழையில பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். காரணம் ரெண்டு, கடல் காற்று. மழையே இல்லாத நாள்லயும் காற்றுல ஈரம் இருக்கும். பிரிச்சு வச்ச அப்பளம் எத்தனை மணி நேரத்துல நமுத்துப்போகுதுன்னு உங்க அம்மாவுக்குத் தெரியும். பெல்லட்டும் அப்படித்தான். காற்றோட ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேல நாள்கணக்குல நின்னா, ஒரு சொட்டுத் தண்ணி படாமலே அது ஈரத்தை இழுத்துக்கும்.

ஈரப்பதம்ங்கிற வார்த்தை டெல்டாக்காரங்களுக்குப் புதுசும் இல்லை. குறுவை அறுவடை மழையில மாட்டும்போதெல்லாம், கொள்முதல் நிலையத்துல 17 சதவிகித ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்கிற செய்தியைப் படிச்சிருப்பீங்க. நெல்லுக்கே 17 சதவிகிதம் எட்டாத ஊர்ல, பெல்லட்டுக்கு 10 சதவிகிதம் எப்படி எட்டும்? அதுவும் வருஷம் முழுக்க?

விறகுக்கும் இதே கணக்குதான். சவுக்கு, சீமைக்கருவேலம், தென்னை மட்டை, பாளை, வரட்டின்னு எதை எரிச்சாலும், அதுக்குள்ள இருக்கிற தண்ணி முதல்ல ஆவியாகணும். வெட்டின கையோட எடுத்த பச்சை மரத்துல எடையில பாதி வரைக்கும்கூட தண்ணி இருக்கலாம். நீங்க ஏத்தற தீயில ஒரு பங்கு சோறு வேகவைக்காம, அந்தத் தண்ணியைக் கொதிக்கவைக்கவே போயிடும். மிச்சம் புகையா மாறி அடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். நனைஞ்ச விறகு ரெண்டு தடவை செலவு வைக்கும். ஒரு தடவை காசுல, இன்னொரு தடவை உடம்புல.

சிலிண்டர் ஏன் ஜெயிச்சது?

இந்த இடத்துல சமையல் கேஸோட வெற்றியைக் கொஞ்சம் வேற கோணத்துல பார்க்கலாம். சுத்தம், வேகம், புகை இல்லை, எல்லாம் சரி. ஆனா, யாரும் அதிகமா பேசாத ஒரு காரணம், அது மழையில நனையாது!

ஒரு கிலோ கேஸ்ல இருக்கிற வெப்பத்தைப் பெல்லட்ல வாங்கணும்னா ஏறக்குறைய இரண்டேமுக்கால் கிலோ வேணும். அப்படின்னா, 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணுக்கு ஏறக்குறைய 39 கிலோ பெல்லட், அல்லது நல்லா காய்ஞ்ச விறகு 43 கிலோவுக்கு மேல. அது வெறும் வெப்பக் கணக்கு. மண் அடுப்புல பெரும்பகுதி சூடு பாத்திரத்துல ஏறாம வெளியே போயிடும்ங்கிறதால நிஜத்துல இன்னும் பல மடங்கு விறகு வேணும். அவ்வளவையும் காயவச்சு, கரையான் அரிக்காம, பாம்பு அடையாம பாதுகாக்கணும். சிலிண்டருக்கு வேண்டியது காற்றோட்டமான ஒரு மூலை மட்டும்தான்.

2016-ல ஆரம்பிச்ச உஜ்வாலா திட்டம் 10 கோடிக்கும் அதிகமான இணைப்புகளைக் கொடுத்திருக்கு. புதுச்சேரி அரசும் 2023 பட்ஜெட்ல ரேஷன் கார்டு குடும்பங்களுக்கு மாசம் ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் அறிவிச்சது. ஆனாலும், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவுல சுத்தமான சமையல் எரிபொருள் பயன்படுத்தின குடும்பங்கள் 58.6 சதவிகிதம்தான். மீதிப் பேர் வீட்டுல விறகும் வரட்டியும்தான் பிரதானம். சிலிண்டர் இருக்கிற பல வீடுகள்லயும் வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷத்துக்குச் சமைக்கன்னு விறகு அடுப்பு ஓரமா இருக்கத்தான் செய்யுது.

அது பழமைவாதமும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ டெல்டாவுல மரங்கள் சாஞ்சு சாலைகள் அடைச்சுக்கிச்சு, பல ஊர்கள்ல வாரக்கணக்குல கரன்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துல இண்டக்‌ஷன் அடுப்பு வேலைக்கு ஆகாது, சிலிண்டர் வண்டியும் வராது. கைவசம் காய்ஞ்ச விறகு வச்சிருந்த வீடுதான் சுடுசோறு சாப்பிடும்.

பரண் பண்ணின வேலை

பழைய வீடுகள்ல இதுக்கு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. அடுப்புக்கு மேல பரண். மழைக்காலத்துக்கு வேண்டிய விறகு, மட்டை எல்லாம் அங்கே ஏறிடும். கீழே இருந்து வர்ற சூடும் புகையும் அதைக் காயவைக்கும். ஓட்டு இடுக்கு வழியா காற்று போயிட்டு வரும். புகையால பூச்சியும் அண்டாது. ஈரம் வரக் கூடாது, காற்று வரணும். இந்த ரெண்டையும் ஒரே இடத்துல சாதிச்ச அமைப்பு அது.

அதுக்காகப் பரணைத் தலையில தூக்கிவச்சுக் கொண்டாட வேண்டியதில்லை. அந்தப் புகையைச் சுவாசிச்சது அடுப்படியில நின்ன பெண்கள்தான். ஆனா, அந்த அமைப்பை எடுத்தப்போ அதோட வேலையை வேற எதுகிட்டயாவது கொடுத்தோமாங்கிறது நியாயமான கேள்வி.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க ஆயிரக்கணக்குல கான்க்ரீட் வீடுகள் எழுந்துச்சு. பாதுகாப்பான கூரை கிடைச்சது பெரிய விஷயம். அதே சமயம், அந்தக் குடியிருப்புகளை ஆராய்ஞ்சவங்க ஒரு குறையையும் பதிவு பண்ணாங்க. பல இடங்கள்ல நிழல் மரங்கள் போச்சு, வீட்டுக்கு வெளியே புழங்குற இடம் சுருங்கிப்போச்சு. திண்ணை, தாழ்வாரம், கொல்லைன்னு வீட்டைச் சுத்தி இருந்த இடங்கள்தான் வலைக்கும் விறகுக்கும் கருவாட்டுக் கூடைக்கும் ஆதரவா இருந்தவை. வீட்டு வரைபடத்துல ஹால், பெட்ரூம், கிச்சன் இருக்கும். எரிபொருளுக்குன்னு ஒரு கட்டம் இருக்காது. அப்புறம் என்ன, வேலியோரம் ஒரு தார்ப்பாய், அதுக்குக் கீழே விறகு.

தார்ப்பாய்ல என்ன தப்பு? நாலு பக்கமும் இழுத்து மூடினா, தரையில இருந்து ஏர்ற ஈரம் உள்ளேயே நின்னு பூஞ்சை புடிக்கும். மழை நனைக்கலைன்னாலும் விறகு நமுத்துப்போகும்.

மூடி வச்சா இன்னொரு ஆபத்து

'அப்போ ஈரமே புகாத அறையா கட்டி, கதவைச் சாத்திட்டா?' இந்த யோசனை வந்தா, அடுத்த சில பத்திகளைக் கண்டிப்பா படிங்க. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் அனுப்புங்க.

பெல்லட்டை எரிக்கவே வேண்டாம். சும்மா குவிச்சு வச்சாலே அதுல இருந்து கார்பன் மோனாக்சைடு வரும். மரத்துல இருக்கிற கொழுப்பு அமிலங்கள் காற்றுல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து மெள்ள மெள்ளச் சிதையும்போது இந்த வாயு வெளியாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல இது 200 மடங்குக்கும் அதிகமான பலத்தோட ஒட்டிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அதுக்கப்புறம் மயக்கம். பல பேர் சாதாரண ஜுரம்னு நினைச்சுடுவாங்க.

2006 நவம்பர்ல ஸ்வீடனோட ஹெல்சிங்போர்க் துறைமுகத்துக்கு, கனடாவுல இருந்து பெல்லட் ஏத்திட்டு 'சாகா ஸ்ப்ரே'ங்கிற கப்பல் வந்துச்சு. சரக்கு அறைக்குப் பக்கத்துப் படிக்கட்டுல இறங்கின ஒரு மாலுமி அங்கேயே இறந்துபோனார். சரக்கு அறைக்குள்ளகூட அவர் போகலை.

கப்பல்ல மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஜெர்மன் மொழி பேசுற நாடுகள்ல ஏறக்குறைய ஒரு வருஷ இடைவெளியில, வீடுகளோட பெல்லட் சேமிப்பு அறையில ரெண்டு பேர் இறந்ததைப் பத்தித் தடயவியல் மருத்துவர்கள் 2012-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. அதுல ஒருத்தர் 4 மாதக் கர்ப்பிணி. ஒரு இடத்துல அளந்து பார்த்தப்போ கார்பன் மோனாக்சைடு 7,500 பி.பி.எம். இருந்துச்சு. அமெரிக்காவுல 8 மணி நேர வேலைக்கு அனுமதிக்கிற உச்ச அளவே 50 பி.பி.எம்.தான். அதைப்போல 150 மடங்கு! அவங்க ஒரு சோதனையும் பண்ணாங்க. புதுசா தயாரிச்ச 30 கிலோ பெல்லட்டைக் காற்றுப் புகாத பெட்டியில 16 நாள் வச்சாங்க. எல்லாப் பெட்டியிலயும் 3,100-ல இருந்து 4,700 பி.பி.எம். வரைக்கும் ஏறியிருந்தது.

30 கிலோன்னா ரெண்டே மூட்டை. அதுக்காக ஸ்டவ் பக்கத்துல ரெண்டு மூட்டை வைக்கவே பயப்பட வேண்டாம். காற்று வந்து போற அறையில அந்த வாயு சேர்றதுக்கு வழியில்லை. ஆபத்து, டன்கணக்குல மொத்தமா கொட்டி, காற்றோட்டம் இல்லாம மூடி வைக்கிற அறையிலதான். அதுவும் புதுசா வந்து இறங்கின முதல் சில வாரங்கள்ல அதிகம்.

இதே வாயு நமக்கும் புதுசு இல்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள்ள வச்சுட்டு, ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கினவங்க காலையில எழுந்திருக்காத செய்திகளைப் படிச்சிருக்கோம். அங்கே எரியிற கரி. இங்கே எரியாத பெல்லட். ஆளைக் கொல்றது ரெண்டுலயும் மூடின கதவுதான்.

ஊர்ஜா சொல்ற பாடம்

'சரி, நம்ம ஊர் வீட்டு அடுப்புக்குப் பெல்லட் வருமா?' ஏற்கெனவே ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சு.

2006-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோட தொழில்நுட்பத்துல, பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பி.பி. 'ஊர்ஜா'ன்னு ஒரு அடுப்பைக் கொண்டுவந்துச்சு. சின்ன ஃபேன் வச்ச அடுப்பு, விவசாயக் கழிவுல செஞ்ச பெல்லட்தான் எரிபொருள். தமிழ்நாடு, மகாராஷ்டிரா, கர்நாடகாவுல கிராமத்துப் பெண்களையே விற்பனையாளர்களா வச்சு வித்தாங்க. ஏறக்குறைய 4 லட்சம் அடுப்புகள் போச்சு. புகை குறைஞ்சது, சமையல் வேகமா ஆச்சு.

அடுப்பு ஜெயிச்சது, எரிபொருள் தோத்துச்சு. கரும்புச் சக்கை மாதிரியான மூலப்பொருளுக்கு வேற தொழிற்சாலைகள்ல கிராக்கி வந்ததும் பெல்லட் விலை ஏறிச்சு, வரத்து தடுமாறிச்சு. அடுப்பு வாங்கின வீடுகள் மெள்ள மெள்ள விறகுக்கோ கேஸுக்கோ திரும்பிடுச்சு. அந்தத் தொழில் பிறகு ஹோட்டல், கேன்டீன் மாதிரி பெரிய சமையலறைகள் பக்கம் நகர்ந்துச்சு.

இதுலயும் சேமிப்பு ஒளிஞ்சிருக்கு. வைக்கோலும் சக்கையும் கடலைத் தோலும் அறுவடை சமயத்துல சில வாரங்கள்ல மொத்தமா வரும். அடுப்போ 365 நாளும் எரியணும். நடுவுல யாராவது அதை வாங்கி, காயவச்சு, கூரைக்குக் கீழே வச்சிருக்கணும். அந்தக் கூரைக்கு யார் காசு கொடுக்கிறதுங்கிறதுதான் பெல்லட் தொழிலோட அடிப்படைக் கேள்வி. குறுவை வைக்கோல் வந்து விழுறதே வடகிழக்குப் பருவமழை வாசல்லங்கிறதால, டெல்டாவுல இந்தக் கேள்வி இன்னும் கஷ்டம்.

நிலக்கரி நனையலாம், பெல்லட் நனையக் கூடாது

இப்போ பெல்லட் திரும்ப வருது, இந்தத் தடவை அரசாங்கத்தோட கை பிடிச்சு. அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோட பயோமாஸ் பெல்லட்டையும் சேர்த்து எரிக்கணும்னு மத்திய மின்துறை அமைச்சகம் 2021-ல கொள்கை வெளியிட்டது. 'சமர்த்'ங்கிற தேசிய இயக்கமும் ஆரம்பிச்சாங்க. 2023-ல திருத்தின கணக்குப்படி, 2024-25-ல 5 சதவிகிதம், 2025-26-ல இருந்து 7 சதவிகிதம்னு இலக்கு வச்சாங்க. டெல்லியைச் சுத்தி வைக்கோல் எரிக்கிற புகையைக் குறைக்கணும்ங்கிறதும் இதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

காரைக்கால்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். மாவட்டத்தோட தெற்கு முனையில, வாஞ்சூர்ல இருக்கிற துறைமுகத்துல நிலக்கரி வந்து இறங்குது. நிலக்கரியைத் திறந்தவெளியில மலையாக் குவிச்சு வைக்கலாம். மழை பெஞ்சா நனையும், எரியிற திறன் கொஞ்சம் குறையும், ஆனா நிலக்கரி நிலக்கரியாத்தான் இருக்கும். பெல்லட்டை அப்படி வச்சா ஒரே மழையில கூழ். அதுக்கு மூடின கொட்டகை வேணும், காற்றோட்டம் வேணும், சூடு ஏறித் தானாத் தீப்பிடிக்காமக் கண்காணிப்பு வேணும், தூசு பறக்காம இருக்கணும். மரத்தை லேசா வறுத்துச் செய்யுற வகை ஈரத்தைக் கொஞ்சம் நல்லா தாங்கும், ஆனா செலவு கூடும்.

ஒரு மின் நிலையம் இதையெல்லாம் செஞ்சுக்கும். அங்கே இன்ஜினீயர் இருக்காங்க, பட்ஜெட் இருக்கு. நாளைக்கு இதே பெல்லட் டீக்கடைக்கோ, ஹாஸ்டல் மெஸ்ஸுக்கோ, உங்க வீட்டுக்கோ 'மலிவு எரிபொருள்'னு வந்தா, அடுப்போட விலையையும் கிலோ விலையையும்தான் சொல்வாங்க. காய்ஞ்ச இடத்தோட விலை அந்த நோட்டீஸ்ல இருக்காது. அதை நீங்கதான் கேட்கணும்.

நீங்க என்ன செய்யலாம்?

*ஊர்ல விறகு வச்சிருந்தா:*

- தரையில நேரா அடுக்காதீங்க. செங்கல்லோ பழைய மரச்சட்டமோ போட்டு அரை அடி உயர்த்துங்க. ஈரமும் கரையானும் கீழே இருந்துதான் வரும்.
- மேலே மட்டும் மூடுங்க. பக்கவாட்டுல காற்று போக விடுங்க. மழைச் சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் மறைச்சா போதும்.
- மழைக்கால விறகைச் சித்திரை, வைகாசி வெயில்லயே பிளந்து காயவைங்க. பிளக்காத கட்டை உள்ளே காயவே காயாது.
- விறகுக் குவியல் வாசல், ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ராத்திரியில கையை விட்டு எடுக்காதீங்க. டார்ச் அடிச்சு, குச்சியால தட்டிட்டு எடுங்க. பாம்புக்கும் அந்த இடம் பிடிக்கும்.
- சிலிண்டரை எப்பவும் நிமிர்த்தியே வைங்க. கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். தரையோரம் காற்று வெளியேற வழி இருக்கணும். விறகு அடுப்பு பக்கத்துல சிலிண்டர் வேண்டவே வேண்டாம்.

*பிரான்ஸ், கனடா, சுவிட்சர்லாந்துன்னு பெல்லட் வீட்ல இருந்தா:*

- மூட்டையைச் சுவரை ஒட்டியோ சிமென்ட் தரையிலயோ வைக்காதீங்க. கீழே மரச்சட்டம், சுவருக்கு நடுவுல ஒரு கை இடைவெளி.
- ஒரு டன் எடை விளையாட்டு இல்லை. பால்கனியில ஒரே இடத்துல குவிக்காதீங்க.
- மொத்தமா கொட்டுற சேமிப்பு அறை இருந்தா, வெளிக் காற்று வர்ற துளையைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீங்க. உள்ளே போகுறதுக்கு முன்னாடி நல்லா காற்றோட்டம் பண்ணிட்டு, அளவு காட்டுற கருவியோட போங்க. வெளியே ஒருத்தர் நிக்கணும். குழந்தைங்க உள்ளே போகாம கதவுக்குப் பூட்டு போடுங்க.
- உள்ளே ஒருத்தர் மயங்கி விழுந்தா, பின்னாலயே ஓடாதீங்க. மூச்சுக் கருவி இல்லாம போனா ரெண்டாவது ஆளும் விழுவார். முதல்ல தீயணைப்புப் படைக்கு போன்.
- வீட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு மாட்டுங்க. இந்த வாயுவை மூக்கு கண்டுபிடிக்காது.
- முதல்ல வாங்கினதை முதல்ல எரிங்க. கையில எடுத்தா மாவா உதிருற பெல்லட்டை ஸ்டவ்வுல போடாதீங்க.

விலைப் பட்டியல்ல இல்லாத வரி

எரிபொருள் அரசியலை நாம கிலோவுக்கு எவ்வளவு, சிலிண்டருக்கு எவ்வளவுன்னே பேசிப் பழகிட்டோம். ஆனா 2022 பிரான்ஸ், ஊர்ஜா அடுப்பு, வேலியோரத் தார்ப்பாய், மூணும் வேற ஒண்ணைச் சொல்லுது. ஏழை வீட்டுல பல சமயம் எரிபொருள் இல்லாம இருக்கிறதில்லை. இருக்கிற எரிபொருள் நனைஞ்சுபோயிருக்கு.

அதனால அடுத்த தடவை உங்க ஊர்ல அரசாங்கத் தொகுப்பு வீடு வரைபடம் வந்தாலோ, புயல் பாதுகாப்பு மையம் கட்டினாலோ, புது அடுப்புத் திட்டம்னு யாராவது கேம்ப் போட்டாலோ, ஒரு கேள்வி கேளுங்க. 'இதுல எரிபொருள் வைக்கிற இடம் எது?' நாலடிக்கு ஆறடி, உயர்த்தின தரை, மேலே கூரை, பக்கத்துல காற்று போக ஜாலி. ஒரு வீட்டுச் செலவுல அது பெரிய தொகையே இல்லை. கார்த்திகை மாசம் அஞ்சு நாள் அடைமழையில சிலிண்டர் தீர்ந்து, கரன்டும் போய், குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டியிருக்கும்போதுதான் அதோட மதிப்பு தெரியும். வரைபடத்துல கோடு போடுற அன்னிக்கே கேட்டுடுங்க.